குரலில் இருந்த உயரம்

வானலை வரலாறு – 9

சென்ற வாரம் வங்கக் கடலின் மேல் நிறுத்தினோம். மீனம்பாக்கத்து எச்.எஃப். ரேடியோ நிலையம், வடகிழக்குப் பருவமழைக் காலம், ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி மின்னலின் கரகரப்புக்குள்ளிருந்து ஒரு விமானத்தின் எண்ணைப் பிரித்தெடுக்கப் பாடுபடும் ஆபரேட்டர்.

எச்.எஃப். அலையின் சுபாவத்தையும் பார்த்தோம். வானத்தின் அயனி அடுக்கில் மோதித் திரும்பிவரும் அலை அது. பகலில் நன்றாகக் கேட்கும் அலைவரிசை இரவில் படுத்துவிடும். விமானி சொன்னதில் பாதி காற்றோடு போகும். மிச்சத்தை ஆபரேட்டர் எழுதி, பக்கத்து அறையில் இருக்கும் கட்டுப்பாட்டாளரிடம் கொடுப்பார். அவர் அனுமதி தந்து, அது அதே கரகரப்பின் வழியாக விமானத்துக்குத் திரும்பிப் போவதற்குள் நிமிடங்கள் ஓடிவிடும்.

இருந்தும் கடலின் மேல் விமானங்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளவில்லை. காரணம் எளிது. அந்த ரேடியோவை யாரும் நம்பவில்லை. ஒரே பாதையில், ஒரே உயரத்தில் முன்னும் பின்னுமாகப் போகும் ஜெட் விமானங்களுக்கு நடுவே பத்து நிமிட இடைவெளி விட்டார்கள். தூரக் கணக்கில் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். குரல் கேட்காமல் போகும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு, அதற்கான விலையை வானத்தில் இடமாகக் கொடுத்தார்கள்.

இந்த வாரம் நாம் போகும் இடத்தில் ரேடியோ துல்லியமாகக் கேட்டது. கரகரப்பு இல்லை, அலைவரிசை படுக்கவில்லை, மைக் மக்கர் செய்யவில்லை. கேட்ட கேள்விக்கு நொடிகளில் பதில் வந்தது.

349 பேர் இறந்தார்கள்.

* * *

1996 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. தில்லி இந்திரா காந்தி சர்வதேச விமான நிலையம்.

காஞ்சிபுரத்திலிருந்து இந்தத் தொடரைப் படிப்பவர்கள், நம் தலைக்கு மேலே நடப்பதை விட்டுவிட்டு எதற்குத் தில்லிக்குப் போகிறோம் என்று கேட்கலாம். சொல்கிறேன். மீனம்பாக்கத்தின் பெரிய ரன்வேயை மேற்குத் தென்மேற்காக ஒரு கோடு போட்டு நீட்டினால், அது ஐம்பது சொச்சம் கிலோமீட்டரில் ஏறத்தாழக் காஞ்சிபுரத்தின் மேலேயே வந்து நிற்கும். கிழக்குக் காற்று வீசும் நாட்களில், மேற்கிலிருந்து வந்து சென்னையில் இறங்கும் விமானங்களுக்கு இந்த வட்டாரம்தான் வாசல். வரதராஜப் பெருமாள் கோயில் பக்கத்து மொட்டைமாடிகளில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த விளக்குகளின் வரிசை பழக்கம்.

இன்று அந்த வரிசை ஒழுங்காக இறங்குவதற்குப் பின்னால் இருக்கும் விதிகள் பல, தில்லிக்கு மேற்கே ஒரு கடுகு வயலில் விழுந்து கிடந்த இரண்டு விமானங்களிலிருந்து எழுதப்பட்டவை.

* * *

முதலில் அந்த அறையைப் பார்த்துவிடுவோம்.

விமான நிலையத்தின் உயரமான கண்ணாடிக் கோபுரத்தில் இருப்பவர்கள் ரன்வேயையும் அதை ஒட்டிய வானத்தையும் பார்த்துக்கொள்வார்கள். அதற்கு அப்பால் வருகிற, போகிற விமானங்களைக் கவனிப்பது ‘அப்ரோச்’ கட்டுப்பாட்டாளரின் வேலை. அவருக்கு ஜன்னல் தேவையில்லை. இருட்டான அறை, ஒரு ரேடார் திரை, ஒரு மைக், எதிரே ஸ்ட்ரிப் என்று சொல்லப்படும் காகிதப் பட்டைகள். ஒரு விமானத்துக்கு ஒரு பட்டை. விமானத்தின் எண், எங்கிருந்து எங்கே, எந்த உயரம் என்று எல்லாம் அதில்தான். உயரம் மாறும்போது பழைய எண்ணை அடித்துவிட்டுப் புதியதைப் பேனாவால் எழுதுவார்.

அந்த உயரம் அவருக்கு எப்படித் தெரியும்?

1996-ல் தில்லியில் அப்ரோச் கட்டுப்பாட்டாளரிடம் இருந்தது முதன்மை ரேடார் மட்டும். இரண்டாம் உலகப் போர்க் காலத்திலிருந்து நமக்குத் தெரிந்த அதே தத்துவம். அலையை அனுப்புவது, விமானத்தின் உடலில் பட்டுத் திரும்பும் எதிரொலியைப் பிடிப்பது. எந்தத் திசை, எவ்வளவு தூரம் என்று திரையில் ஒரு புள்ளி சொல்லும். அந்தப் புள்ளி எந்த உயரத்தில் இருக்கிறது என்று சொல்லாது. 5,000 அடியில் பறந்தாலும் 25,000 அடியில் பறந்தாலும் திரையில் புள்ளி ஒன்றுதான்.

இரண்டாம் நிலை ரேடார் என்று ஒன்று உண்டு. அது எதிரொலிக்குக் காத்திருக்காது, விமானத்தைக் கேள்வி கேட்கும். விமானத்தில் உள்ள டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி, தன் அடையாள எண்ணையும் தன் உயரத்தையும் பதிலாக அனுப்பும். புள்ளிக்குப் பக்கத்தில் உயரம் எண்ணாகவே தெரியும். உலகின் பெரிய விமான நிலையங்களில் அது அப்போதே பழைய செய்தி. தில்லிக்கும் பம்பாய்க்கும் அதை உள்ளிட்ட நவீனமயத் திட்டம் ஒன்று போடப்பட்டு வேலையும் நடந்துகொண்டிருந்தது. அந்த நவம்பர் மாலையில் அது முடிந்திருக்கவில்லை.

ஆகவே கட்டுப்பாட்டாளருக்கு உயரம் தெரிவதற்கு ஒரே வழி, விமானத்தில் இருப்பவர் ரேடியோவில் சொல்வது. அவர் சொல்வதை இவர் பட்டையில் எழுதிக்கொள்வார். பட்டையில் இருப்பது குரல். வானத்தில் இருப்பது உலோகம். இரண்டும் ஒன்றுதானா என்று சரிபார்க்க அறையில் வேறு கருவி எதுவும் இல்லை.

காஞ்சிபுரத்துக் கோர்வைத் தறியில் நெசவாளியும், மறு கரைக்கு நாடா போடும் உதவியாளும் ஒருவர் குரலுக்கு ஒருவர் வேலை செய்கிறார்கள். ஆனால் இழை இருவர் கண்முன்னாலும் கிடக்கிறது. ஒருவர் தப்பினால் மற்றவர் கண்டுபிடித்துவிடுவார். தில்லியில் குரல் இருந்தது, பார்ப்பதற்கு இழை இல்லை.

பழைய கருவிகளைப் பற்றி விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஏற்கெனவே முறையிட்டு வந்தார்கள். ஆனால் பழுதான ரேடியோவுக்கு எழுதும் புகாரில் ஒரு வேகம் இருக்கும். இல்லாத ரேடாருக்கு எழுதும் புகார் கோப்பில் நிதானமாகப் பயணம் செய்யும். நம் அலுவலகங்களைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

* * *

இன்னொரு விஷயம் பாதை.

தில்லியைச் சுற்றிய வானத்தில் பெரும் பகுதி விமானப்படையின் வசம். பயணிகள் விமானங்களுக்கு மேற்கே விடப்பட்டது ஒடுக்கமான ஒரே தடம். வருகிறவர்களும் அதில்தான், போகிறவர்களும் அதில்தான். எதிரெதிரே வரும் இரண்டு விமானங்களைப் பக்கவாட்டில் விலக்கி அனுப்ப இடமில்லை. மேலே ஒன்று, கீழே ஒன்று என்றுதான் விலக்க முடியும். நடுவில் விடும் இடைவெளி 1,000 அடி. 305 மீட்டர்.

உலக விதிகளின்படி 1,000 அடி போதுமானதுதான். சொன்ன உயரத்தில் சொன்னவர் இருக்கும்வரை.

இங்கே ஒரு சின்ன விலகல். 2022 ஆகஸ்டில் பரந்தூரைச் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கான இடமாக அறிவித்தபோது, ஏகனாபுரம் மக்களின் நிலமும் ஏரியும் பேசப்பட்ட அளவுக்கு வானம் பேசப்படவில்லை. பக்கத்திலேயே அரக்கோணத்தில், 1992 முதல் இயங்கும் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளி தளம். இந்தப் பக்கம் தாம்பரத்தில் விமானப்படைத் தளம். நடுவில் மீனம்பாக்கம். நிலத்தில் ஏக்கர் கணக்கு போடுவதுபோல வானத்திலும் கணக்கு போட்டாக வேண்டும். யாருக்கு எந்தத் தடம், எந்த உயரம் என்ற அந்தக் கணக்கு எவ்வளவு முக்கியமானது என்பதற்கு தில்லியின் அந்த ஒற்றைத் தடத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டாம்.

* * *

மாலை 6.32. சவூதியா 763 புறப்பட்டது.

போயிங் 747. 289 பயணிகள், 23 ஊழியர்கள். முதலில் தம்மாம் பக்கத்துத் தஹ்ரான், பிறகு ஜெத்தா. பயணிகளில் பெரும்பாலோர் இந்தியர்கள், சவூதியில் வேலைக்குப் போகிறவர்கள், விடுமுறை முடிந்து திரும்புகிறவர்கள். வளைகுடாவுக்கு ஆள் அனுப்பிய எந்த ஊர்க்காரருக்கும் அந்த விமானத்தின் உட்புறத்தைக் கற்பனை செய்வதில் சிரமம் இருக்காது. கேப்டன் காலித் அல் ஷுபைலி.

எதிர்த்திசையில், கஜகஸ்தானின் சிம்கென்ட் நகரத்திலிருந்து தில்லியை நெருங்கிக்கொண்டிருந்தது கஜகஸ்தான் ஏர்லைன்ஸ் 1907. இல்யூஷின்-76 ரகம், சோவியத் காலத்துச் சரக்கு விமானம். உள்ளே 37 பேர். இந்தியாவில் சரக்கு வாங்கிப்போய் ஊரில் விற்க வந்த வியாபாரிகள் அவர்களில் பலர். கேப்டன் அலெக்சாண்டர் செரெபானோவ்.

இந்த இரண்டாவது விமானத்தின் காக்பிட்டுக்குள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

போயிங்கில் தரைக்கட்டுப்பாட்டோடு பேசுவது விமானிகளில் ஒருவர். உயரமானி அவர் கண்ணுக்கு நேரே இருக்கும். இல்யூஷினில் வேலைப் பிரிவினை வேறு. இரண்டு விமானிகள், ஒரு ஃப்ளைட் எஞ்சினியர், வழி கணக்கிடும் நேவிகேட்டர் ஒருவர், தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். கட்டுப்பாட்டாளரோடு ஆங்கிலத்தில் பேசுவது ஆபரேட்டரின் பொறுப்பு. அன்று அந்த இருக்கையில் இருந்தவர் யெகோர் ரெப்.

அவருக்கென்று தனி உயரமானி கிடையாது. உயரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் முன்னால் இருக்கும் விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்க வேண்டும்.

ஆக, தில்லிக் கட்டுப்பாட்டாளரின் பட்டையில் விழும் எண் எத்தனை கை மாறி வருகிறது, பாருங்கள். கருவி விமானியின் முன்னால். விமானி ரஷ்ய மொழியில் பேசுகிறார். ஆபரேட்டர் அதை ஆங்கிலத்தில் சொல்கிறார். சோவியத் பழக்கத்தில் உயரம் மீட்டரில், தூரம் கிலோமீட்டரில். இந்தியா உட்படப் பல நாடுகளில் அடி, கடல் மைல். முன்னாள் சோவியத் நாடுகளின் விமானங்களோடு பேசும்போது இந்தக் கணக்கு மாற்றத்தில் குழப்பம் வருகிறது என்று இந்தியக் கட்டுப்பாட்டாளர்கள் குறைபட்டுக்கொண்டதும் உண்டு.

வங்கக் கடலில் மின்னல் செய்த வேலையை இங்கே காக்பிட்டின் அமைப்பு செய்தது. வித்தியாசம், மின்னலின் இரைச்சல் காதில் கேட்கும். இந்த இரைச்சல் கேட்காது.

* * *

இனி எட்டே நிமிடம்.

சவூதியா ஏறிக்கொண்டிருக்கிறது. 10,000 அடியை நெருங்குவதாகச் சொல்கிறது. 14,000 வரை ஏறலாம் என்று அனுமதி கிடைக்கிறது. விமானிகளின் பேச்சில் அது 140. கடைசி இரண்டு சுழியை விட்டுவிட்டுச் சொல்வது வழக்கம்.

கஜகஸ்தான் விமானம் இறங்கிக்கொண்டிருக்கிறது. 74 மைல் தொலைவில் இருந்தபோதே 15,000 அடிக்கு இறங்கி அங்கேயே நிற்கும்படி அதற்கு உத்தரவு. அதாவது 150. வந்து சேர்ந்ததும் தெரிவிக்க வேண்டும்.

சவூதியா 14,000-ஐ எட்டுகிறது, இன்னும் மேலே போக அனுமதி கேட்கிறது. கட்டுப்பாட்டாளர் கொடுக்கவில்லை. 140-லேயே இருங்கள், மேலே போவதற்குக் காத்திருங்கள் என்கிறார். தலைக்கு மேலே 1,000 அடியில் எதிர்விமானம் கடக்கப் போகிறது என்று அவருக்குத் தெரியும். செய்ய வேண்டியதை மிகச் சரியாகச் செய்கிறார்.

இப்போது கஜகஸ்தான் விமானத்திலிருந்து குரல். 150-க்கு வந்துவிட்டோம், தில்லியிலிருந்து 46 மைல்.

கட்டுப்பாட்டாளர் அந்த எண்ணை எடுத்துக்கொள்கிறார். அவரைப் பொறுத்தவரை பிரச்சினை தீர்ந்தது. மேலே ஒன்று 15,000-ல், கீழே ஒன்று 14,000-ல்.

உண்மையில் அந்த நேரத்தில் இல்யூஷின் 14,500 அடியில் இருந்தது. நிற்கவும் இல்லை. இறங்கிக்கொண்டே இருந்தது.

திரையில் இரண்டு புள்ளிகள் ஒன்றையொன்று நோக்கி நகர்கின்றன. அப்படித்தான் நகர வேண்டும். எந்தத் திரையிலும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை, அடிப்பதற்கான மணியே அங்கே இல்லை.

கடமை தவறாத மனிதர் அவர். கூடுதலாக ஒரு தகவலும் தருகிறார். நேர் எதிரே சவூதியா போயிங் 747 வருகிறது, 14 மைல், கண்ணில் பட்டதும் சொல்லுங்கள்.

கஜகஸ்தான் விமானம் திருப்பிக் கேட்கிறது: எத்தனை மைல்?

14 மைல் என்று மறுபடி சொல்கிறார். பதில் வரவில்லை. மீண்டும் அழைக்கிறார். எதிர்விமானம் 13 மைலில், உயரம் 140.

பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்ற பொருளில் ஒரு பதில் வருகிறது.

14 கடல் மைல் என்றால் 26 கிலோமீட்டர். எதிரெதிரே வரும் இரண்டு ஜெட் விமானங்களுக்கு அது சுமார் ஒரு நிமிடப் பயணம். நேரமோ மாலை 6.40, சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கும் மேல். வழியில் மேகம்.

இல்யூஷினின் காக்பிட்டில் அப்போது நடந்தது பின்னர் ஒலிப்பதிவிலிருந்து தெரியவந்தது. எதிர்விமானம் 140-ல் இருக்கிறது என்பது காதில் விழுந்ததும் ரேடியோ ஆபரேட்டருக்கு உறைக்கிறது. முன்னால் எட்டிப் பார்க்கிறார். தாங்கள் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. 150-க்கு ஏறுங்கள் என்று விமானிகளைப் பதறிக் கூப்பிடுகிறார்.

எஞ்சின்களுக்கு வேகம் கூட்டுகிறார்கள். விமானம் மெல்ல மேலே எழுகிறது.

இந்த வரலாறு முழுவதிலும் இதைவிடக் கொடுமையான ஒரு கணத்தை நான் படித்ததில்லை. அவர்கள் அப்போது சவூதியாவுக்கும் சற்றுக் கீழே போயிருந்தார்கள். ஏறாமல் அப்படியே இருந்திருந்தால் போயிங்கின் அடியில் நுழைந்து கடந்திருக்கக்கூடும். தவறு தெரிந்து, திருத்திக்கொள்ள எடுத்த முயற்சியே அவர்களை மற்ற விமானத்தின் உயரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இல்யூஷினின் வால் பகுதி போயிங்கின் இடது இறக்கையைக் கிழித்தது.

* * *

தில்லி அறையில் புள்ளிகள் இரண்டும் சேர்ந்தன. பிறகு இரண்டுமே காணோம்.

கட்டுப்பாட்டாளர் அழைக்கிறார். 1907 பதிலில்லை. 763-ஐ அழைக்கிறார். பதிலில்லை. எல்லாம் ஒலிநாடாவில் பதிவாகியிருக்கிறது.

இந்த இடத்தில் அவர் மனதில் முதலில் எழுந்திருக்கக்கூடிய சந்தேகம் ரேடியோ மேல்தான் இருந்திருக்கும். அந்த அறையில் வேலை செய்யும் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். விமானம் பதில் சொல்லவில்லை என்றால் அலைவரிசை மாறியிருக்கும், மைக் பட்டன் சிக்கியிருக்கும், ரிசீவர் பழுதாகியிருக்கும். தினமும் நடப்பவை. வானத்தில் இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் இல்லாமல் போவது தினமும் நடப்பதல்ல.

உண்மையைச் சொன்னது மூன்றாவது ஒரு குரல். அமெரிக்க விமானப்படையின் சி-141 சரக்கு விமானம் ஒன்று அந்த நேரத்தில் தில்லிக்கு வந்துகொண்டிருந்தது. மேகத்துக்குள் ஒரு பெரிய வெளிச்சம் ஆரஞ்சு நிறத்தில் பரவுவதையும், அதிலிருந்து இரண்டு தீப்பிழம்புகள் தரையை நோக்கிப் போவதையும் அதன் விமானிகள் பார்த்தார்கள். அதை ரேடியோவில் தெரிவித்தார்கள். கட்டுப்பாட்டு அறைக்குச் செய்தி கிடைத்தது திரையிலிருந்து அல்ல, அந்த வழியே போன ஒரு விமானியின் கண்ணிலிருந்து.

ஹரியானாவின் சர்க்கி தாத்ரி. தில்லிக்கு மேற்கே ஒரு சின்ன ஊர். போயிங் அதன் பக்கத்து வயல்களில் விழுந்தது, இல்யூஷின் சில கிலோமீட்டர் தள்ளி பிரோஹார் கிராமத்து வயல்களில். முதலில் ஓடிவந்தவர்கள் கையில் விளக்கோடு வந்த விவசாயிகள். டிராக்டர்களின் முகப்பு வெளிச்சத்தில் தேடினார்கள்.

இரண்டு விமானங்களிலும் இருந்த 349 பேரில் ஒருவரும் மிஞ்சவில்லை. நடுவானில் இரண்டு விமானங்கள் மோதிய விபத்துகளில் இன்றுவரை இதற்கு இணையான உயிரிழப்பு வேறில்லை.

* * *

மறுநாளே பழிபோடுதல் தொடங்கியது. தில்லியின் கருவிகள் மேல் ஒரு சாரார், கஜகஸ்தான் விமானிகளின் ஆங்கிலத்தின் மேல் இன்னொரு சாரார். இரண்டுக்கும் ஆதாரம் இருந்தது என்பதுதான் சிக்கல்.

ரேடியோ பழுதாகவில்லை என்று தெரிந்ததும் இயந்திரத்தின் பக்கம் கேள்வி முடிந்துவிட்டதுபோலப் பலர் பேசினார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு கருவி தன் வேலையைச் செய்யாமல் போவது ஒரு வகைக் கோளாறு. தனக்கு உரியதல்லாத வேலையை அதன் தலையில் கட்டுவது இன்னொரு வகைக் கோளாறு. தில்லி அறையும் விமானங்களும் பேசிக்கொண்ட வி.எச்.எஃப். ரேடியோ, உத்தரவு சொல்லவும் கேட்கவும் உண்டான கருவி. உயரம் அளக்கும் கருவி அல்ல. ரேடார் தர வேண்டிய எண்ணை அதன் வழியாக வாங்கியது, வேறு வழியில்லாததால்தான். கட்டுப்பாட்டாளரின் செவி அங்கே ஒரு ரேடாரின் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

வி.எச்.எஃப்.பின் குறைகள் அப்போது யாருக்கும் தெரியாதவையும் அல்ல. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் பேச்சு போய் ஒரு கீச்சொலிதான் கேட்கும். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் அந்தக் கீச்சொலிக்குள் ஒரு முக்கியமான எச்சரிக்கை மூழ்கிப்போனது. ரன்வேயிலேயே இரண்டு 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். குரலை மட்டும் நம்பக் கூடாது என்ற பாடம் தில்லிக்குப் பத்தொன்பது ஆண்டுகள் முன்பே எழுதப்பட்டுவிட்டது.

தரையில் இல்லாத கண்ணை விமானத்திலேயே வைத்துவிடும் கருவியும் அதற்குள் வந்துவிட்டது. டிகாஸ் என்று அதற்குப் பெயர். ஒரு விமானம் மற்றொன்றின் டிரான்ஸ்பாண்டரைத் தானே கேட்டு, மோதல் நெருங்கினால் ஒருவரை ஏறு என்றும் மற்றவரை இறங்கு என்றும் சொல்லும். 1986-ல் லாஸ் ஏஞ்சலஸ் அருகே செரிடோஸ் நகரின் மேல் நடந்த மோதலுக்குப் பிறகு அமெரிக்கா அதைக் கட்டாயமாக்கியது. 1993 இறுதிக்குள் அங்கே பெரிய பயணிகள் விமானங்கள் எல்லாவற்றிலும் அது வந்துவிட்டது. சர்க்கி தாத்ரியின் மேல் சந்தித்த இரண்டிலும் இல்லை. இந்தியாவில் அதைக் கட்டாயமாக்கிய விதி இந்த விபத்துக்குப் பிறகே வந்தது.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவின் நியூவார்க் விமான நிலையத்துக்கு வரும் விமானங்களைக் கவனிக்கும் அறையில் ரேடாரும் ரேடியோவும் சேர்ந்தே போயின. சுமார் ஒன்றரை நிமிடம். அதே ஆண்டு நவம்பரில் தில்லியில் விமானத் தகவல்களை அனுப்பும் கணினி அமைப்பு படுத்து, நூற்றுக்கணக்கான விமானங்கள் தாமதமாயின. இரண்டிலும் யாரும் சாகவில்லை. கருவி படுத்தது எல்லோர் கண்ணிலும் பட்டது, விமானங்களைக் காக்க வைத்தார்கள். பழுது தன்னைப் பழுது என்று காட்டிக்கொண்டது. தில்லியில் 1996-ல் அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

* * *

மத்திய அரசு விசாரணை நீதிமன்றம் ஒன்றை அமைத்தது. தலைமை, தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ஆர்.சி. லகோத்தி. பின்னாளில் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர்.

வயல்களிலிருந்து கறுப்புப்பெட்டிகள் எடுக்கப்பட்டன. இல்யூஷினுடையவை மாஸ்கோவுக்கும், போயிங்குடையவை இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவுக்கும் போயின. தில்லி அறையின் ஒலிநாடா ஏற்கெனவே கையில் இருந்தது. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நொடி நொடியாகப் பொருத்தியபோது, கட்டுப்பாட்டாளர் கொடுத்த உத்தரவுகளில் பிழை தெரியவில்லை. சவூதியா சொன்ன உயரத்தில் இருந்தது. மீதி இருந்தது ஒரே ஒரு விமானம்.

கஜகஸ்தான் தரப்பு ஒரு விளக்கம் வைத்தது. மேகத்துக்குள் காற்றின் கொந்தளிப்பு, அது விமானத்தைக் கீழே தள்ளியது. மற்றத் தரப்புகள் ஏற்கவில்லை.

வேறொரு சந்தேகமும் எழுந்தது. கட்டுப்பாட்டாளர் கடைசியாகச் சொன்ன 14 மைலையும் 140 உயரத்தையும் காக்பிட்டில் யாராவது இறங்குவதற்கான உத்தரவாக எடுத்துக்கொண்டார்களா? கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் நேரக் கணக்கு இடிக்கிறது. 150-க்கு வந்துவிட்டோம் என்று ரெப் சொன்ன நொடியிலேயே விமானம் 500 அடி கீழே இருந்தது. 14 என்ற எண் அவர்களை நோக்கிச் சொல்லப்பட்டது அதற்குப் பிறகு.

சரி, அதற்கு முன்னால்? ஒரே அலைவரிசையில் எல்லோர் பேச்சும் எல்லோர் காதிலும் விழும். சவூதியாவுக்குச் சொன்ன 140 இல்யூஷினின் காக்பிட்டிலும் கேட்டிருக்கும். ஐந்து பேரில் ஆங்கிலம் பேசும் பொறுப்பு ஒருவருக்கு. விமானத்தை ஓட்டும் கை வேறொருவருடையது. அந்த ஒருவர் உத்தரவில் இருந்த எண்ணைத் தரைக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஓட்டியவரின் மனதில் இருந்த எண் எது?

15,000-ல் நிறுத்தச் சொல்லித் தெளிவாகக் கேட்ட உத்தரவுக்குப் பிறகும், அந்த விமானத்தை இறக்கிக்கொண்டே போனது யார், எதை நம்பி?

லகோத்தி விசாரணை அறைக்குள் அடுத்த வாரம் நுழைவோம்.

(தொடரும்)